சிட்னி நேரத்தில் ஒரு கால்

கெல்வின் ஸ்ட்ரூட் எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து டாலர். நான்கு டயர், ஒரு முன்கண்ணாடி. டயரைக் கிழித்தது அவன் இல்லை. கண்ணாடியை உடைத்ததும் அவன் இல்லை. அவனை என் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன் என்பதற்காக, மதுக்கடை வாசலில் வேன் நின்ற ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் ஊர்க்காரர்கள் செய்த வேலை அது. யார் என்று எனக்குத் தெரியும். தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான். அவர்களிடம் காசு கேட்க முடியுமா? ஆகவே கெல்வினிடம் கேட்டேன்.

"உன்னாலதான் வந்துது. நீ குடு."

"சரி மிஸ்" என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாரம் நாற்பது தருவதாகச் சொன்னான்.

சிறையில் பெண் காவலர்களை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம். பதினாறு வருடம் அப்படிக் கூப்பிட்ட வாய். "நான் ஒண்ணும் உன் வார்டன் இல்ல. எனக்கு நோலீன்னு பேரு இருக்கு" என்று முதல் நாளே சொன்னேன். "சரி மிஸ்" என்றான்.

அவன் செய்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடலோர ஊர் ஒன்றில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே அவனிடம் சிக்கினார்கள். ஒருத்திக்கு இன்னும் ஒரு கண் தெரியாது. தண்டனையை ஒரு நாள் குறையாமல் கழித்து முடித்தான். முடித்த பிறகும் இவன் ஆபத்தானவன்தான் என்று சொல்லி நீதிமன்றம் ஐந்து வருட மேற்பார்வை உத்தரவு போட்டது. காலில் கறுப்பாக ஒரு பட்டை. அவன் எங்கே நிற்கிறான், எங்கே நடக்கிறான் என்பதெல்லாம் சிட்னியில் யாரோ ஒருவருடைய திரையில் தெரியும். பள்ளிக்கூடம், பூங்கா, நீச்சல்குளம் எதுவும் பக்கத்தில் இல்லாத வீடாகத் தேடித் தேடி, கடைசியில் எங்கள் ஊரான வில்லாரூனின் கோடியில் கோதுமைக் குதிர்களுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த வீட்டைப் பிடித்தார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குப்பை கொட்ட எடம் தேடினா மட்டும் நம்ம ஊரு அவங்க கண்ணுக்குத் தெரியும்" என்றாள் ஷெரீ. என்னோடு வேலை செய்கிறவள். கெல்வின் வந்த நாளிலிருந்து அவளுடைய மகள் படுக்கையறை ஜன்னலைத் திறப்பதில்லை. வெயில் ஏறிய பிறகும் திறக்கவில்லை. ஷெரீ தினமும் வேனில் ஏறியதும் அதைத்தான் முதலில் சொல்வாள், அவன் காதில் விழ வேண்டும் என்று சத்தமாக. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் சிறையிலேயே கிடந்திருக்க வேண்டியவன் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்களுடையது பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அதில் இருபத்தைந்து வருடம் இந்தச் சேற்றில்தான். முதுகு போய்விட்டது. சொந்தம் என்று இருப்பது அந்த வேன் ஒன்றுதான். ஆட்களைப் பண்ணைக்கு ஏற்றி இறக்க ஒப்பந்தக்காரர் தலைக்கு இவ்வளவு என்று தருகிறார். ஆள் கிடைக்காத பருவம், அவர் கெல்வினையும் சேர்த்துக்கொண்டார். "ஒரு தலை கூடுதலா வந்தா உனக்கு நல்லதுதானே நோலீன்" என்றார். அவர் வீடு நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது, அவருக்கு என்ன.

வேனில் கெல்வினுக்குக் கடைசி வரிசை. அதற்கு முந்தைய வரிசை காலியாகவே போகும், யாரும் உட்கார மாட்டார்கள். என் இருக்கைக்குக் கீழே வீல் ஸ்பானர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

அவன்மேல் ஆட்களுக்கு இன்னொரு கோபமும் இருந்தது. எங்கள் ஆறுதான் இரண்டு மாநிலங்களுக்கு எல்லை. இந்தக் கரை நியூ சவுத் வேல்ஸ், அந்தக் கரை குயின்ஸ்லாந்து. பண்ணை இந்தக் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் ஊருக்குக் குறுக்குவழி தடுப்பணை மேல் ஏறி, அந்தக் கரை வழியாகக் கொஞ்ச தூரம் போய், பாலத்தில் இந்தப் பக்கம் இறங்குவது. கால் மணி நேரம்தான். கெல்வின் மாநிலத்தை விட்டு ஒரு அடி வெளியே வைக்கக் கூடாது. ஆகவே அவன் இருக்கும்போது இந்தக் கரையோரம் மண்சாலையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முக்கால் மணி நேரம், எலும்பெல்லாம் ஆடும்.

"ஒருத்தன் கால்ல பட்டை, ஒம்பது பேருக்கு முதுகு வலி" என்பான் வார்விக். அவன்தான் எங்கள் மேஸ்திரி. சிரித்துக்கொண்டே பேசுவான், ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் ஏறாது.

அக்டோபர் வந்தது. எங்களைப் போல ஆற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு அக்டோபர் ஒரு தலைவலி. இந்தக் கரையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்தக் கரையில் தொட மாட்டார்கள். அந்தக் கரை நேரத்தை மெதுநேரம் என்போம், இந்தக் கரை நேரத்தை வேகநேரம். கல்யாணத்துக்கு அழைத்தாலும் பல் பிடுங்கப் போனாலும் "எந்த நேரம்?" என்று கேட்டுக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். பண்ணை இருப்பது வேகநேரத்து மண்ணில்தான். ஆனால் முதலாளியும் பஞ்சாலையும் அந்தக் கரை. அதனால் பண்ணை வருடம் முழுக்க மெதுநேரத்தில்தான் ஓடும். குழந்தைக்குக் கூடத் தெரிந்த விஷயம்.

கெல்வின் கடலோரத்துக்காரன். அவனுக்குத் தெரியாது.

வியாழக்கிழமைதோறும் ஒரு மேற்பார்வை அதிகாரி வந்து, அடுத்த வாரம் அவன் எந்த நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போவாள். நாலரைக்கு வேலை முடிவு, ஆறுக்குள் வீடு. ஆறுக்கு மேல் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் மீறல், மீறினால் மறுபடி சிறை, ஐந்து வருடம்வரை போடலாம். அந்த வியாழக்கிழமை அவள் போகிற போக்கில், ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் மாறுகிறது, கவனம் என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வேனில் ஏறும்போது அவன் வார்விக்கிடம் கேட்டான்.

"பாஸ், திங்கள்லேருந்து டைம் மாறுதாமே. வேலை டைமும் மாறுமா?"

வார்விக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இங்கயா? இங்க எதுவும் மாறாது நண்பா. எப்பவும் போலதான். கடிகாரத்தத் தொடாத, வேன் வர்றப்ப வந்து நில்லு."

பொய் இல்லை. பண்ணையில் எதுவும் மாறாதுதான். கெல்வின் தலையாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். சிறையில் பதினாறு வருடமாக மணி அடித்தால் எழுந்தவன், மணி அடித்தால் படுத்தவன். கடிகாரத்தை மாற்றி வைப்பது அங்கே வேறு யாருடைய வேலையோ. முன் வரிசையில் ஷெரீ கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். எனக்குக் கணக்குப் புரிய ஊர் வந்து சேரும்வரை ஆயிற்று. திங்கட்கிழமை எப்போதும் போல மெதுநேரம் நாலரைக்கு வேலை விட்டால், கெல்வின் வீடு போய்ச் சேரும்போது அவன் வாசலில் வேகநேரம் ஆறே காலைத் தாண்டியிருக்கும்.

ஞாயிறு அவன் வெளியே வருகிற நாள் இல்லை. திங்கள் காலை எப்போதும் போல வேன் போனது. அவன் கடிகாரத்தில் எப்போதும் போல ஐந்தரை. எப்போதும் போல வந்து நின்றான்.

மதியம் சாப்பாட்டு நேரம். கெல்வின் தனியாகத் தலைவாய்க்கால் கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நாங்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில்.

"இன்னிக்கு சாயங்காலம் குதிர் வீட்டுல ஷோ இருக்கு" என்றான் வார்விக். "ஆறு மணிக்கு, வேகநேரம். போலீஸ் சார்ஜென்ட் காதுல போட்டாச்சு. பார்ல எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. நாற்காலி அவங்கவங்க கொண்டாரணும்."

"பாப்கார்ன்?" என்றாள் ஷெரீ.

"பீர் இருக்கு. கெழவி, நீ மெதுவாவே ஓட்டு, என்ன? அந்தக் கவர்மென்ட் ரோட்ல குழி ஜாஸ்தி."

கெழவி என்றது என்னை.

"எனக்கு அவன் எண்ணூத்து அறுபத்தஞ்சு பாக்கி தரணும்" என்றேன்.

"அய்யய்ய, இவ கவலையப் பாரு!"

"எனக்கு இருக்கற கவலைதானே நான் படணும்? அவன் போகட்டும். நானா வேணாங்கறேன்? பாக்கி முடியட்டும், நானே கொண்டுபோய் விடறேன். அதுக்கு முன்னாடி போனா எனக்கு யாரு தருவா?"

"நாங்க தொப்பி சுத்தி வசூல் பண்ணித் தர்றோம்" என்றான் வார்விக்.

"போன வருஷம் ஷர்லி சாவுக்குச் சுத்தின தொப்பியே இன்னும் வீடு வந்து சேரல."

எல்லோரும் சிரித்தார்கள். வார்விக் மட்டும் சிரிக்கவில்லை. "நோல்," என்றான், "டயரு மறுபடியும் கிழியும். நான் சொல்லலன்னு சொல்லாத."

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சைஃபன் என்கிற வளைந்த குழாயை வாய்க்காலில் அமிழ்த்தி, அதன் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து, தண்ணீர் ஏறியதும் கரைக்கு இந்தப் பக்கம் சாலில் போட வேண்டும். இருபத்தைந்து வருடமாகத் தூக்கத்தில் கூடச் செய்வேன். அன்றைக்குக் குழாய் குழாயாகக் காற்று வாங்கிக்கொண்டு நின்றது. எண்ணூற்று அறுபத்தைந்து டாலர் என்றால் எனக்கு மூன்று வார வீட்டு வாடகை. கண்ணாடி போட்ட கடைக்காரனுக்கு நான் இன்னும் பாக்கி. அந்தப் பக்கம் பார்த்தால், அவன் ஒற்றை ஆளாக வாய்க்கால் கரையில் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான், தனக்கு ஒரு மணி நேரம் குறைந்துபோனது தெரியாமல்.

பண்ணைக் கடிகாரத்தில் மூன்றரை தாண்டியதும் குழாயைக் கீழே போட்டேன். நேராக அவனிடம் போனேன். ஐந்தடி தள்ளி நின்றுகொண்டேன்.

"வா. வண்டில ஏறு."

நிமிர்ந்தான். "என்ன மிஸ்?"

"ஆறுக்குள்ள நீ வீட்டுல இருக்கணும்ல? இப்பவே கெளம்பணும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மணி இன்னும் நாலாகல."

"அது மெதுநேரம். உன் பேப்பர்ல எழுதியிருக்கறது வேகநேரம். சிட்னில இப்ப அஞ்சாகப் போவுது."

"பாஸ் மாறாதுன்னாரே."

"பண்ணை மாறாது. நீ மாறுவ. உன் கையி குயின்ஸ்லாந்து நேரத்துல இருக்கு. உன் காலு சிட்னி நேரத்துல இருக்கு. புரியுதா?"

அவன் காலைப் பார்த்தான். சேற்றுக்குள் பட்டை தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். அவன் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்முறை. எனக்குப் பிடிக்கவில்லை.

"ஃபோனும் மூணு நாப்பதுன்னுதான் காட்டுது மிஸ்."

"ஃபோனு பிடிக்கறது அந்தக் கரை டவரு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

"நாலரைக்கு முன்னாடி எடத்த விட்டுப் போனா மீறல்" என்று சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான். "நீங்க என்னைய முன்கூட்டியே கெளப்பிட்டு, அங்க போலீஸ் நின்னா? இதுதானே ஐடியா? எல்லாரும் சேர்ந்துதானே?"

"அட முட்டாளே, உன்ன மாட்டிவிடணும்னா நான் எதுக்குய்யா வாயத் தொறக்கணும்? சும்மா நின்னாலே நீ மாட்டுவ."

அவன் நகரவில்லை. அதிகாரியின் எண்ணைப் போட்டான். யாரும் எடுக்கவில்லை. கண்காணிப்பு மையத்துக்குப் போட்டான். எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லி, பியானோ வாசிக்க ஆரம்பித்தது. சேற்றில் நின்றுகொண்டு இரண்டு பேரும் பியானோ கேட்டோம். தூரத்தில் வார்விக் தலை இந்தப் பக்கம் திரும்பியது.

"இங்க ஒவ்வொருத்தரும் நான் உள்ள போகணும்னுதான் நெனைக்கறாங்க" என்றான் கெல்வின். "நீங்களும்தான். உங்களுக்கு என்ன வந்துது?"

"நீ எனக்கு எண்ணூத்து அறுபத்தஞ்சு டாலர் தரணும்."

ஃபோனை அணைத்தான். பையில் போட்டான். "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தான். நேரத்தைப் பற்றி நான் சொன்னதை அவன் நம்பவில்லை. காசைப் பற்றிச் சொன்னதை நம்பினான்.

வேனைக் கிளப்பும்போது வார்விக் ஓடி வந்து கதவில் அடித்தான்.

"எங்க போற? வேலை முடியல!"

"டயர் வாங்கப் போறேன்."

"நோல், நாளைக்கு உனக்கு வேலை இல்ல. கேக்குதா? வேலை இல்ல!" பிறகு குரலை மாற்றினான், தேன் வடிந்தது. "சரி, போறதுதான் போற, தடுப்பணை வழியா போயேன். சீக்கிரம் போய்டலாம்."

நான் கண்ணாடியை ஏற்றினேன். பின்னால் அவன் கையை ஆட்ட, எல்லோரும் ஓடிவந்து அவனுடைய பிக்கப் வண்டியின் பின்புறத்தில் தாவி ஏறுவது தெரிந்தது. ஷெரீயை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் தடுப்பணை வழியாகத்தான் போவார்கள். எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்காருவார்கள்.

சாலை பிரியும் இடத்தில் கெல்வின் பின்னாலிருந்து கத்தினான். "வலது பக்கம்! மிஸ், வலது பக்கம்!"

"எனக்கு ஊரு தெரியும். ஆறு உன் எடது கைப்பக்கம் ஓடுதான்னு மட்டும் பாத்துட்டே வா. வாய மூடு."

வாயை மூடினான். இடது ஜன்னலோரம் நகர்ந்து, ஆற்றோர மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனோடு தனியாக நான் வண்டியில் போனது அன்று ஒருமுறைதான். கண்ணாடியில் அவன் முகம். காலடியில் ஸ்பானர். யாராவது என்னைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பாதி வழியில் மாடுகள்.

நானூறு, ஐந்நூறு இருக்கும். வறட்சிக் காலத்தில் மேய்ச்சலுக்குச் சாலையோரமாகவே ஓட்டிப் போகிற மந்தை. சாலையை அடைத்துக்கொண்டு, அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாத நடை. குதிரைமேல் இருந்தவன் எனக்குக் கையை உயர்த்திக் காட்டினான், கொஞ்சம் பொறு என்று. ஹாரன் அடித்தால் மந்தை மிரண்டு சிதறும். அப்புறம் இரவெல்லாம் இங்கேயேதான். ஊர்ந்தேன்.

பின்னால் கெல்வினுடைய மூச்சு கேட்டது. பெரிய பெரிய மூச்சு. பிறகு டம் என்று ஒரு சத்தம். முன் இருக்கையின் முதுகில் குத்தியிருக்கிறான். மறுபடி குத்தினான். என் கை கீழே போய் ஸ்பானரைப் பிடித்தது.

"இன்னொரு தடவ குத்தினா இங்கேயே எறக்கி விட்டுடுவேன். மாட்டோட நடந்து போ."

நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தான், தண்டனை வாங்கிய பள்ளிப் பையன் மாதிரி.

எதையாவது பேசினால் அவன் மூச்சு இறங்கும் என்று தோன்றியது. அவனுக்காக இல்லை, எனக்காக. "இந்த வாரக் காசு வெள்ளிக்கிழமதானே?" என்றேன்.

"இப்பவே வேணும்னாலும் தர்றேன் மிஸ்."

"நாப்பதா?"

"எல்லாம்."

ஒரு மாடு வேனை உரசிக்கொண்டு போனது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"எல்லாம்னா?"

"வீட்டுல டப்பால இருக்கு. மொத மாசமே இருந்துது. எனக்கு என்ன செலவு? பாருக்குப் போக முடியாது. ஒரு எடத்துக்கும் போக முடியாது. கூலி அப்படியே இருக்கு."

"அப்புறம் எதுக்குடா வாரம் நாப்பது?"

அவன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடன்காரன யாரும் சாக விடமாட்டாங்க மிஸ். உள்ள இருக்கறப்ப கத்துக்கிட்டது. நாலு பேருக்குக் கடன் இருந்தா நாலு பேரு உன்னக் காப்பாத்துவான். மொத்தமா குடுத்திருந்தா அடுத்த நாளே நீங்க என்ன ஏத்தியிருக்க மாட்டீங்க. இன்னிக்கும் வந்து சொல்லியிருக்க மாட்டீங்க." பிறகு, ஏதோ ஒரு நல்ல குழாயைச் சரியாகப் போட்டவன் போல, "சரியாத்தான் இருந்துது, இல்ல?" என்றான்.

பதின்மூன்று வாரம். இவன் காலில் நீதிமன்றம் பட்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவன் அதே வாரங்களில் என் காலில் ஒன்று கட்டியிருக்கிறான். காலையில் வேனை ஓட்டி வந்ததும் இவன் தன் வாசலில் நிற்கிறானா என்று பார்த்தேன். ஊரில் யாராவது கல்லெடுத்தால் என் மனம் பதறியது. காசுக்காகத்தான், ஆனாலும் பதறியது. அந்த இரண்டு பெண்களின் வீட்டுக்குள் போனவனுக்காக நான் பதறினேன். அவன் என்னைப் பதற வைத்தான், கணக்குப் போட்டு, வாரம் நாற்பதாக.

குதிரைக்காரன் சாட்டையைச் சொடுக்கினான். மாடுகள் ஒதுங்கின. நான் அழுத்திய அழுத்தலில் வேன் குழிக்குக் குழி பறந்தது. எதற்கு அவ்வளவு வேகம் என்று கேட்டால், அவனை ஆறுக்குள் சேர்ப்பதற்கா, சீக்கிரம் அவனைத் தலைமுழுகுவதற்கா என்று எனக்கே தெரியாது.

குதிர் வீட்டு முன்னால் முப்பது நாற்பது பேர். வெயில் இன்னும் சாயவில்லை. மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் இருந்தது. ஒருத்தர் நாய்க்குட்டியைக் கூடக் கொண்டுவந்திருந்தார். போலீஸ் வண்டியில் சாய்ந்து நின்ற சார்ஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்விக் எல்லோருக்கும் முன்னால், கையில் பீர்.

வேனை வேலியில் இடிக்காத குறையாக நிறுத்தினேன். கெல்வின் குதித்து ஓடினான். வராந்தாவில் சேற்று பூட்ஸை உதறிக் கழற்றிவிட்டு உள்ளே விழுந்தான். அந்தச் சேறோடு ஏன் அப்படியே போகவில்லை என்று கேட்டால், அதுவும் சிறைப் பழக்கம்தான் போலிருக்கிறது. உள்ளே, காலில் உள்ள பட்டையைக் கண்டுகொள்ளும் பெட்டி பீப் என்றது.

சார்ஜென்ட் கடிகாரத்தைத் தட்டினார். "நாலு நிமிஷம் பாக்கி" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கூட்டத்தில் ஓவென்று ஒரு சத்தம். ஒரு காலி பீர் டப்பா பறந்து வந்து வேன் கூரையில் பட்டு உருண்டது.

"யாரு பக்கம்டி நீ?" என்று கத்தினாள் ஷெரீ. அவள் கண்ணில் தண்ணீர். "என் பொண்ணு இன்னிக்கு ராத்திரியாவது ஜன்னலத் தொறந்திருப்பா. யாரு பக்கம் நீ?"

நான் கதவைத் திறந்து இறங்கினேன். வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக வராந்தா ஏறினேன். கெல்வின் நிலைப்படிக்கு உள்ளே, காலுறையோடு நின்றிருந்தான்.

"எடு" என்றேன்.

"என்ன மிஸ்?"

"டப்பா. எண்ணூத்து அறுபத்தஞ்சு. இப்பவே."

"வெள்ளிக்கிழம நாப்பது தர்றேன் மிஸ். எப்பவும் போல..."

"சார்ஜென்ட்!" என்று நான் திரும்பாமலே கூப்பிட்டேன். "இவன் எனக்குக் கடன் பாக்கி தரணும். தர மாட்டேங்கறான். இதுவும் உங்க பேப்பர்ல வருமா?"

"வராது" என்றார் சார்ஜென்ட் வேலியோரத்திலிருந்து. "ஆனா எழுதிக்கறேன்."

கெல்வின் உள்ளே போனான். வந்தான். ஐம்பது டாலர் தாள்களாகப் பதினெட்டு. எண்ணி என் கையில் வைத்தான். எல்லோரும் பார்த்தார்கள். நாளைக்கு ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும்: அவள் காசு வாங்கிக்கொண்டுதான் கொண்டுவந்து விட்டாள். பேசட்டும். உண்மைதானே.

"முப்பத்தஞ்சு ஜாஸ்தி" என்றேன்.

"வச்சுக்குங்க மிஸ். அவசரம் இல்ல. அப்புறமா, எப்பவாவது..."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பெரிய ஆள், ஐம்பதை நெருங்கியவன், அப்படி நின்றான். அப்போது புரிந்தது. இப்போது நான் அவனுக்குக் கடன்காரி ஆக வேண்டும். முப்பத்தைந்து டாலர் நூலில் என்னைக் கட்டி வைத்தால், நாளைக்கும் நாளை மறுநாளும் அதைக் கொடுக்க நான் வந்து நிற்பேன், அவனுக்குப் பார்க்க ஒரு முகம் இருக்கும்.

என் பையில் தேடினேன். ஒரு இருபது, ஒரு ஐந்து. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"யாருகிட்டயாவது பத்து டாலர் இருக்கா?"

யாரும் அசையவில்லை. வார்விக் பீரை உறிஞ்சினான்.

"இவனுக்கும் எனக்கும் கணக்கு முடியணும். பத்து டாலர். அம்பது தர்றேன், மாத்திக் குடுங்க. எனக்கு மீதி கூட வேணாம்."

ஷெரீதான் வந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலிக்கு மேலே ஒரு பத்து டாலர் தாளை நீட்டினாள். நான் கொடுத்த ஐம்பதை வாங்கவில்லை. "எனக்கு நீ கடன் படு" என்றாள், "அவனுக்கு வேணாம்."

வராந்தாவுக்குத் திரும்பினேன். கெல்வின் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"புடி."

"வேணாம் மிஸ்."

"என் பேரு நோலீன்."

அவன் அதைச் சொல்லவில்லை. கையையும் நீட்டவில்லை. வேலியோரம் சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு" என்றார். அதற்கு மேல் அவன் நிலைப்படியைத் தாண்ட முடியாது. நான் குனிந்து, முப்பத்தைந்து டாலரையும் வராந்தாப் பலகையில் வைத்தேன். காற்றில் பறந்துவிட்டால் தரவில்லை என்று ஆகிவிடுமே. அவன் கழற்றிப் போட்ட பூட்ஸ் ஒன்றை எடுத்து, சேறு சொட்டச் சொட்ட, அதன்மேல் வைத்தேன்.